காவிரிக்கரை வேலியில் ஓர் அமெரிக்கக் கொடி

முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து, ஒருபுறம் காவிரியாகவும் மறுபுறம் கொள்ளிடமாகவும் ஓடி, நடுவே ஸ்ரீரங்கத்தையும் திருவானைக்காவையும் மடியில் ஏந்திக்கொண்டிருக்கும் அந்தத் தீவின் வாழைத் தோட்டங்களையும் வெற்றிலைக் கொடிக்கால்களையும் தென்னஞ்சோலைகளையும் பற்றி எழுதியவர்கள் பலர். அத்தோட்டங்களைச் சுற்றி நின்ற வேலிகளைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டு, இடைவெளி விழுந்த இடத்தில் நொச்சியோ காட்டாமணக்கோ வைத்து, ஆடு நுழையும் சந்துகளில் முள்ளை வெட்டிச் செருகி உழவர்கள் வளர்த்த உயிர்வேலி ஒரு தனி உலகம். கோவையும் பிரண்டையும் முடக்கத்தானும் முசுமுசுக்கையும் குந்துமணியும் ஒருவர் விதைக்காமல், ஒருவர் நீர் வார்க்காமல், அதன்மேல் ஏறிப் பிணைந்து கிடந்தன. இவற்றோடு இவையாக, நெடுநாள் குடித்தனக்காரனைப் போல உரிமையோடு படர்ந்து கிடந்த இன்னொரு கொடி உண்டு. கசக்கினால் துர்நாற்றம் வீசும் மூன்று மடல் இலையும், வெள்ளையில் ஊதா கலந்த விசித்திரமான பூவும், பசையுள்ள பச்சை வலையொன்றுக்குள் பொதிந்து வைத்த சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிய காயும் உடைய அக்கொடியை மருத்துவ நூலார் சிறுபூனைக்காலி என்பர். மாடு மேய்க்கும் சிறுவர் வழக்கில் அதன் பழத்துக்கு உள்ள பெயர் பூனையின் உடலுறுப்பு ஒன்றைக் குறிப்பதாதலால் அதை அச்சில் ஏற்ற எனக்குக் கை வரவில்லை; கிராமத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லவும் வேண்டியதில்லை.

இக்கொடி நம் நாட்டுப் பிறப்புடையதன்று. இன்று கொடைக்கானலில் தாட்பூட்டுப் பழம் என்றும், யாழ்ப்பாணத்தில் கொடித்தோடை என்றும், நகரத்துப் பழரசக் கடைகளில் பாஷன் ஃப்ரூட் என்றும் விற்கப்படுகிற பழத்துக்கு இது நெருங்கிய உறவு. இரண்டுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். கொலம்பஸுக்குப் பின் கடல் கடந்து நம் கரை சேர்ந்த அமெரிக்கத் தாவரங்களின் விருத்தாந்தம் மிகப் பெரிது. மிளகாயும் கொய்யாவும் பப்பாளியும் அன்னாசியும் முந்திரியும் நிலக்கடலையும் வந்தவுடனே வீட்டுக்குள் அழைக்கப்பட்டு, இரண்டு மூன்று தலைமுறைக்குள் தாங்கள் அந்நியர் என்பதை நமக்கு மறக்கடித்துவிட்டன. சீத்தாப்பழம் ஜனகன் மகளின் பெயரையே சூடிக்கொண்டு, இராமாயண காலத்திலிருந்து இங்கே இருப்பதைப் போன்ற ஒரு தோற்றத்தைத் தந்துவிட்டது. புகையிலையின் சாமர்த்தியம் இவை எல்லாவற்றினும் பெரிது. உறையூரில் சுருட்டப்பட்ட சுருட்டு, நம் ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்டு லண்டன் வரையில் சென்று, 1887இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் துப்பறியும் கதையில், சாம்பலை வைத்துக் குற்றவாளியை அடையாளம் காணும் ஒரு தடயமாகவே இடம்பெற்றது. அமெரிக்கச் செடி ஒன்று திருச்சிராப்பள்ளியின் பெயரை ஐரோப்பாவில் பரப்பியதென்றால், அதை அந்நியம் என்று தள்ளிவைக்க நமக்கு ஏது நியாயம்?

பூனைக்காலிக் கொடிக்கோ இத்தகைய யோகம் ஒன்றும் வாய்க்கவில்லை. ஒருவரும் அதை வரவழைக்கவில்லை. பறவையின் எச்சத்திலும், வண்டிச் சக்கரத்துச் சேற்றிலும், மூட்டைகளின் தூசியிலுமாகத் தன் வழியைத் தானே தேடிக்கொண்டு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்தியச் சமவெளிகளில் நிலைத்துவிட்ட அந்நியக் கொடியாகத் தாவர நூலோர் இதைக் கண்டிருக்கின்றனர். வாசல் வழியே வந்த விருந்தினருக்கு நாம் இலை போட்டோம். வேலி வழியே வந்த இதை வேலியிலேயே விட்டுவிட்டோம். ஆகவே இதை உண்ணலாமா, எப்பொழுது உண்ணலாம், எந்தப் பிராணிக்கு இது ஆகாரம், எதற்கு விஷம் என்னும் பரீட்சையெல்லாம் தோட்டக்காரர்களாலும் பண்டிதர்களாலும் நடத்தப்படாமல், ஆடு மாடுகளாலும் பட்சிகளாலும் பூச்சிகளாலும் பள்ளிக்குப் போகும் வழியில் வேலியோரம் நின்றுவிடும் பிள்ளைகளாலுமே நடத்தப்பட்டது. இந்தக் கொடியின் சரித்திரத்தில் எனக்கு ருசியாகத் தோன்றுவது இதுவே.

ஸ்ரீரங்கத்தின் உள்வீதிகளில் புதிய ஆகாரம் ஒன்று நுழைவது எளிதன்று. பெரிய கோயில் மடைப்பள்ளியில் நித்தியம் புது மண்சட்டியில் தளிகையாகும் அமுதில் காரத்துக்கு மிளகு உண்டே தவிர மிளகாய் இல்லை. தக்காளியும் உருளைக்கிழங்கும் வெளிவீதிகளில் எத்தனை கொடி கட்டிப் பறந்தாலும் அந்த வாசலைத் தாண்டவில்லை. வைதிகர் வீட்டுச் சிராத்தத் தளிகையிலும் இதே சம்பிரதாயம்தான்: வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு, பயற்றங்காய் என்று பரம்பரையாக வந்தவற்றுக்கே அங்கே இடம். இதைக் குருட்டுப் பிடிவாதம் என்று நகைப்பவர்கள் உண்டு. புதிய பொருளை வாயில் வைக்குமுன் நெடுங்காலம் காத்திருந்து, பிறர் உண்டு பிழைத்ததைக் கண்ட பின்னரே தெய்வத்துக்கும் பிதிர்களுக்கும் படைப்பது என்னும் எச்சரிக்கை அதற்குள் ஓரளவு ஒளிந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மலைக்கோட்டைத் தாயுமானவர் சந்நிதியில் சுகப்பிரசவம் வேண்டிப் பெண்கள் வாழைத்தாரை நேர்ந்துகொள்வதும், திருவானைக்காவில் வெண்ணாவல் ஸ்தல விருட்சமாக நிற்பதும், எத்தனையோ தலைமுறைகளாகப் பழகி அறிந்த கனிகளின்மீது இவ்வூர் வைத்த நம்பிக்கையின் அடையாளங்கள். வேலியில் பழுக்கும் பழம் அந்த வரிசையில் நிற்கத் தகுதி கோரியதாகவே தெரியவில்லை.

கனிக்கு மறுக்கப்பட்ட மரியாதை பூவுக்குக் கிடைத்தது. அதையும் இவ்வூரின் இரண்டு சமயங்கள் இரண்டு விதமாகத் தந்தன.

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதை அடுத்தும் தென் அமெரிக்காவுக்குச் சென்ற ஸ்பானியத் துறவிகள், இந்த இனத்துப் பூவைக் கண்டதும் பிரமித்துப் போனார்கள். அதன் அமைப்பு முழுவதிலும் கிறிஸ்துவின் பாடுகளைக் கண்டார்கள்: நடுவில் சூலகத்தின் மேலிருக்கும் மூன்று முடிகளை ஆணிகளாகவும், ஐந்து மகரந்தப் பைகளை ஐந்து திருக்காயங்களாகவும், சுற்றி நிற்கும் இழைகளை முள்முடியாகவும், புறவிதழும் அகவிதழுமாகிய பத்தையும், காட்டிக்கொடுத்த யூதாசும் மறுதலித்த பேதுருவும் நீங்கலான பத்துச் சீடர்களாகவும் அவர்கள் எண்ணினார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு துறவி கொணர்ந்த சித்திரத்தைக் கண்ட ஜாக்கோமோ போசியோ என்பவர், 1610இல் சிலுவையின் மகிமையைப் பற்றி ரோமில் வெளியிட்ட நூலில் இப்பூவை வருணித்தார். அதன் பின் அது ஐரோப்பா முழுதும் பிரசித்தமாயிற்று. 1753இல் லின்னேயஸ் தாவரங்களுக்கெல்லாம் பெயர் வகுத்தபோது இந்த நம்பிக்கையையே ஏற்று இவ்வினத்துக்குப் பாசிஃப்ளோரா என்று பெயரிட்டார். வேலிக் கொடிக்கு அதன் நாற்றத்தை நினைவூட்டும் ஒரு பின்னொட்டையும் சேர்த்தார்.

நம் நாட்டிலோ இதே குடும்பத்தின் பெரிய பூக்களை வீட்டு முற்றத்துப் பந்தலில் வளர்த்தவர்கள் கிருஷ்ண கமலம் என்று அழைத்து, பாரதக் கதையை அதில் கண்டார்கள். சுற்றிலும் நிற்கும் நூறு இழைகள் கௌரவர். நடுவே ஐந்து மகரந்தப் பைகள் பாண்டவர். மேலே நிற்கும் மூன்றும் மும்மூர்த்திகள். ஒரே பூவின் அதே அங்கங்களை எண்ணி, ஒருவர் கல்வாரிக்கும் மற்றவர் குருக்ஷேத்திரத்துக்கும் சென்று சேர்ந்த இந்த விந்தையை யோசிக்கத் திருச்சிராப்பள்ளியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. தெப்பக்குளத்தின் ஒரு கரையில் நின்று பார்த்தால் ஒருபுறம் பல்லவர் குடைந்த குகைகளைத் தாங்கிய மலைக்கோட்டை. மறுபுறம் பிரான்சு தேசத்து லூர்து ஆலயத்தின் சாயலில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த லூர்தன்னை ஆலயம். அதை ஒட்டியே, 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் இவ்வூருக்குப் பெயர்ந்த ஜேசு சபையாரின் புனித வளனார் கல்லூரி. நூறு இழை என்பது கணக்குக்கு அடங்காத உபசாரக் கணக்கு; பத்துச் சீடர் என்பதும் இருவரை விலக்கினால்தான் சரிவரும். பக்தி எங்கும் இத்தகைய சிறு சலுகைகளை எடுத்துக்கொள்ளும்.

பூ ஒரு பகற்பொழுதுக்குமேல் நிற்பதில்லை. விடியலில் விரிந்து வெயில் ஏற வாடிவிடும். அதன் பின் வருகிற காயை ஆராய்ந்தால், துறவிகளும் பௌராணிகர்களும் காணாத வேறொரு யுக்தி தெரியும். காயைச் சுற்றிய பச்சை வலை அலங்காரத்துக்காக ஏற்பட்டதன்று. அதன் நுனிகளில் பசை சுரக்கும் சுரப்பிகள் உள்ளன. காயைத் தின்ன வரும் சிறு பூச்சிகள் அதில் ஒட்டிக்கொண்டு மாளும். 1995இல் இந்திய ஆராய்ச்சியாளர் மூவர் இதைப் பரிசோதித்து, வலை காவலாக இருப்பதோடு, சிக்கிய பூச்சிகளைக் கரைத்துச் சத்தை ஏற்கும் ஆற்றலும் உடையது என்று எழுதினர். புலால் உண்ணும் செடி என்று இதை முழுவதாகச் சொல்லிவிட முடியாது. ஆயினும் சைவ உணவினர் வீட்டு வேலியில் இது படர்ந்திருப்பதை எண்ணினால் புன்முறுவல் தோன்றாமல் போகாது.

பழுத்தவுடன் அந்த வலை தளர்கிறது, பசை குறைகிறது, காயின் பசுமை மாறி மஞ்சளாகவும் சிவந்த மஞ்சளாகவும் ஆகிறது. அப்பொழுது அதைப் பிதுக்கினால் கருவிதைகளைச் சுற்றி வெண்மையான சாறுள்ள சதை. இனிப்பும் லேசான புளிப்பும். பிள்ளைகள் இதை அறிந்தவர்கள். பழம் வலையிலிருந்து தானே நழுவி வந்தால் தின்னலாம், இழுத்துப் பிய்க்க வேண்டியிருந்தால் விட்டுவிட வேண்டும் என்பது அவர்களுக்குள் எழுதப்படாத விதி. இரசாயன சாஸ்திரம் இந்த விதியை அப்படியே ஆமோதிக்கிறது. இலையிலும் தண்டிலும் பசுங்காயிலும் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும் சில பொருள்கள், நசுங்கும்போது நொதிகளால் உடைந்து, ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் கொடிய விஷத்தை வெளியிடுகின்றன. காய் கனியக் கனிய அது குறைந்துகொண்டே போகிறது. கடையில் விற்கும் பெரிய பழத்துக்கும் இதே குணம் உண்டு. 1983இல் அமெரிக்க விஞ்ஞானிகள் இருவர் அளந்து பார்த்தபோது, பிஞ்சில் மிகுதியாக இருந்த விஷம் பழுத்ததில் குறைந்தும், கொடியிலிருந்து தானே விழுந்து தோல் சுருங்கிய பழத்தில் மிகக் குறைந்தும் காணப்பட்டது. தோல் சுருங்கியதை நாம் பழையது என்று கடையில் ஒதுக்குகிறோம். ருசிக்கும் க்ஷேமத்துக்கும் அதுவே சிறந்தது.

கொண்டைக்குருவியும் அணிலும் இந்த விதியை யாரிடமும் கற்கவில்லை; பழுத்ததை மட்டுமே கொத்தி, விதையை அடுத்த வேலிக்குக் கொண்டு சேர்த்தன. செடிக்கும் அதுதான் வேண்டும்: விதை முற்றும்வரையில் விஷமும் பசையும் காவல், முற்றிய பின் இனிப்பு அழைப்பு.

ஆடுகளின் விஷயம் இத்தனை சுலபமன்று. தை அறுவடை முடிந்து வயல்கள் தரிசாகும் காலத்தில், இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து கீதாரிகள் செம்மறி மந்தைகளை ஓட்டிக்கொண்டு காவிரிப் படுகைக்கு வருவதும், வயலில் கிடை போட்டு எருவுக்குக் கூலியாக நெல்லோ பணமோ பெறுவதும் நெடுங்கால வழக்கம். திருச்சிராப்பள்ளியின் பெயரையே தாங்கிய கருப்புச் செம்மறி இனம் ஒன்றும் உண்டு. பெரம்பலூர், சேலம் பக்கத்துப் புன்செய்களில் அதை வளர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செம்மறி தலையைத் தாழ்த்திப் புல்லை மேயும். வெள்ளாடோ முன்னங்காலைத் தூக்கி வேலிமேல் வைத்து, இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய் என்று ஓடியபடியே கடிக்கும். வேலிக் கொடிக்கு வெள்ளாடே முதல் பரீட்சகன். இந்த ஓட்டக் கடிதான் அதைக் காப்பாற்றுகிறது என்பது மேய்ப்பவர்களுக்குத் தெரியும். பல இலைகளில் ஒவ்வொரு வாயாகத் தின்னும்போது எந்த விஷமும் அளவுக்கு மீறிச் சேர்வதில்லை. கட்டிப்போட்ட இடத்தில் ஒரே கொடியைக் கட்டுக் கட்டாக வெட்டிப் போட்டால்தான் விபரீதம்.

நம்முடைய மூலிகை அறிவில் ஆட்டின் தீர்ப்புக்கு இருந்த மதிப்பை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆடாதொடை, ஆடுதின்னாப்பாளை என்று இரண்டு செடிகளுக்கு, ஆடு தொடாதது, ஆடு தின்னாதது என்பதையே பெயராக வைத்து, அவை இரண்டையும் மருந்துப் பெட்டிக்குள் சேர்த்தார்கள். எதையும் தின்னும் பிராணியே ஒதுக்குகிறதென்றால் அதில் வீரியமான சரக்கு ஒன்று இருக்க வேண்டும் என்னும் தர்க்கம் அது. பூனைக்காலிக்கு அத்தகைய முழு விலக்கும் கிடைக்கவில்லை, முழு அனுமதியும் கிடைக்கவில்லை. நாற்றத்தால் ஆடு முதலில் முகத்தைத் திருப்பும். கோடையில் வேறொன்றும் இல்லாதபோது கடிக்கும்.

அசைபோடும் பிராணிகளுக்கு இவ்விஷம் ஏன் அதிக அபாயம் என்பதற்குக் காரணம் அவற்றின் வயிற்று அமைப்பிலேயே இருக்கிறது. நமக்கும் நாய்க்கும் பன்றிக்கும் இரைப்பையில் அமிலம் மிகுதி. இலையின் நொதிகள் அங்கே தளர்ந்துவிடும், விஷம் மெதுவாகவே வெளிப்படும். மாட்டின் முதல் வயிற்றிலோ அமிலம் குறைவு, ஈரமும் வெதுவெதுப்பும் மிகுதி, கோடானுகோடி நுண்ணுயிர்கள் வேறு. அங்கே போன இலை சில நிமிஷங்களில் தன் விஷம் அத்தனையையும் கொட்டிவிடும். செம்மறியைவிட மாட்டுக்கு இது சற்று அதிகமாகவே தாக்கும். விஷம் இரத்தத்தில் உள்ள பிராணவாயுவை உடலின் உயிரணுக்கள் ஏற்கவிடாமல் தடுக்கும். அதனால் இரத்தம் செக்கச்செவேலென்று இருக்க, பிராணி மூச்சுத் திணறித் தள்ளாடி விழும். கால்நடை மருத்துவர் சோடியம் நைட்ரைட்டையும் சோடியம் தயோசல்பேட்டையும் உடனே ஏற்றினால் பிழைக்கும். மருத்துவர் வரும்வரையில் காத்திருக்கப் பெரும்பாலும் அவகாசம் இருப்பதில்லை. ஆகையால் தடுப்பதே வழி.

திருச்சிராப்பள்ளிச் சீமையின் உழவர்கள் இந்த விஷத்தைப் பெயர் தெரியாமலே அறிந்திருந்தார்கள். அவர்களுக்கு அதைக் கற்பித்த ஆசான் வேலிக் கொடியன்று, சோளம். மணப்பாறையிலும் துறையூரிலும் மானாவாரிப் புன்செய்களில் மழை பொய்த்து வாடி நிற்கும் இளஞ்சோளத்திலும், அறுத்த தாளிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பிலும் இதே அமிலம் திரள்கிறது. பசித்த மாட்டை அவிழ்த்து அந்தக் கொல்லையில் விட்டுவிட்டு நிழலில் கண்ணயர்ந்தவன் எழுந்து பார்க்கும்போது மாடு விழுந்து கிடப்பது, சந்தைக்குப் பேர்போன மணப்பாறை மாட்டுக்காரர்கள் பயந்து நடந்த ஒரு சங்கதி. பூப்பதற்கு முன் சோளத்தை மேயவிடாமை, முதலில் வைக்கோலைப் போட்டுப் பசியைத் தணித்த பிறகே கொல்லைப் பக்கம் ஓட்டுதல், அறுத்த தட்டையை நன்றாகக் காயவைத்துப் படப்பு போட்டு வைத்தல் என்னும் நியமங்களெல்லாம் அந்தப் பயத்தில் பிறந்தவை. காயக் காய விஷம் பறந்துபோகும். முதிர முதிரக் குறையும். மனிதன் உண்ணும் மரவள்ளிக்கும் இதே கதை. பச்சைமலையின் மலையாளிப் பழங்குடியினர் மலைச்சரிவில் பயிரிடும் மரவள்ளியின் இலையும் தோலும் பச்சையாகத் தின்ற ஆட்டுக்கு எமன். வெயிலில் உலர்த்திப் போட்டால் தீவனம். மரவள்ளியும் அமெரிக்கச் செடியே என்பதை நினைத்தால், கடல் கடந்து வந்த இரண்டு தாவரங்கள், ஒன்று மலையிலும் ஒன்று வேலியிலுமாக, ஒரே பாடத்தை நடத்தியிருக்கின்றன என்று தோன்றுகிறது. சோளம் பயின்றவனுக்கு வேலிக் கொடியைப் பற்றி வேறு உபதேசம் தேவைப்படவில்லை.

கோயில் யானையைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்ரீரங்கத்தில் யானைக்குப் பழம் கொடுத்து ஆசீர்வாதம் வாங்காத பிள்ளைகள் இல்லை. யானை அசைபோடும் பிராணியன்று. குதிரையைப் போலப் பின்குடலில் செரிக்கும் இனம். ஆயினும் அதன் கையில் வாழைப்பழமும் தேங்காயும் கரும்பும் வெல்லமும் தவிர வேறொன்றை வைக்க இவ்வூரார் துணிந்ததில்லை. அந்த வாழைப்பழமும் வெல்லமும்கூட அளவு மீறினால் நன்றன்று என்று இப்போது மருத்துவர்கள் சொல்கிறார்கள். பழகிய கனியே பயமற்றது என்னும் பழைய நம்பிக்கைக்கு இது ஒரு சிறு திருத்தம்.

இனிக் கல்லூரிக்குத் திரும்புவோம். பாசிஃப்ளோராவின் பூவில் சிலுவைப்பாட்டைக் கண்ட துறவிகளின் மரபு, புனித வளனார் கல்லூரியில் வேறொரு முகம் கொண்டது. அங்கே தாவரவியல் கற்பித்த பிரெஞ்சுப் பாதிரியார் அல்ஃப்ரெட் ரப்பினாவின் பெயரால் 1967இல் உலர்தாவரக் காப்பகம் ஒன்று அமைந்தது. அதை நிறுவிய கே. எம். மாத்யு பாதிரியார், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு தமிழ்நாட்டுச் சமவெளியெங்கும் அலைந்து, செடி ஒவ்வொன்றையும் பறித்து, அழுத்தி, உலர்த்தித் தாளில் தைத்து, 1981 முதல் ‘கர்நாடிக்’ என்று வழங்கும் தமிழ்நாட்டுச் சமவெளிப் பகுதியின் தாவர வளத்தைப் பல தொகுதிகளாக வெளியிட்டார். அரச மரத்துக்கும் ஆலமரத்துக்கும் கொடுத்த அதே நிதானத்தோடு வேலியோரத்துப் பூனைக்காலியையும் அந்தத் தொகுதிகள் ஏற்றுக்கொண்டன: இலையின் நீளம், பூவின் பருமன், காயின் வடிவம், விளையும் இடம். ஆணியும் முள்முடியும் அங்கே பேசப்படவில்லை. முன்னோர் தியானத்துக்கு எடுத்துக்கொண்ட பூவை ஜேசு சபையின் பிற்காலத்தவர் அங்குலக்கோல் கொண்டு அளந்தார்கள்; இரண்டாவது வேலையிலும் பக்தி குறைவாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

இக்கொடியை மற்றெல்லாப் பிராணிகளினும் முழுமையாக ஏற்றுக்கொண்டது ஒரு வண்ணத்துப்பூச்சி. செம்மஞ்சள் சிறகில் கரும்புள்ளிகள் தெளித்து, அவசரமில்லாமல் தாழப் பறக்கும் அதை ஆங்கிலேயர் டானி காஸ்டர் என்றனர். இதன் புழுக்கள் ஆடு மாடுகளுக்கு அபாயமான அதே இலையைச் சுகமாகத் தின்று, அந்த விஷத்தைத் தம் உடலிலேயே சேமித்துக்கொள்ளும். வளர்ந்த பூச்சியைப் பிடித்தால் மஞ்சள் நீர் ஒன்றைக் கக்கும். ஒருமுறை அதைக் கொத்திய பறவை மறுமுறை கொத்தாது. அதனால்தான் அதற்கு அந்த நிதானமான பறத்தல். அமெரிக்கக் கொடி இங்கே வருமுன் இப்பூச்சி ஓரிதழ்த்தாமரை போன்ற உள்நாட்டுச் செடிகளை நம்பி வாழ்ந்தது. கொடி வந்த பின் அதற்கு வேலிதோறும் விருந்து. பிறகு அந்தக் கொடி போன வழியிலேயே இந்தியப் பூச்சியும் கிழக்கு நோக்கிப் புறப்பட்டு, தாய்லாந்தையும் மலேயாவையும் கடந்து, 2006இல் சிங்கப்பூரிலும் 2012இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரிலும் காணப்பட்டது. தென்கிழக்காசியத் தோட்டங்களில் மண் அரிப்பைத் தடுக்க இக்கொடியைப் படரவிட்டதும் அப்பயணத்துக்கு உதவியிருக்க வேண்டும். நம்மவர் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய திசையும் அதுவே.

2015இல் மேலணைக்கட்டுக் காப்புக் காட்டில், ஸ்ரீரங்கத்து எல்லையிலேயே, சுமார் 25 ஏக்கரில் வனத்துறையார் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா ஒன்றைத் திறந்தனர். அங்கே பூச்சிகளை வரவழைக்கும் உபாயம் மிக எளியது: ஒவ்வொன்றின் புழுவும் தின்னும் செடியை வளர்த்தால் அது தானே வரும். முன்னாளில் வேலிகள் சம்பளமில்லாமல் செய்துவந்த ஊழியம் இது. தீவில் தோட்டங்கள் மனைகளாகி, கிளுவை போய்க் கல்சுவர் எழுந்த பின் அந்த ஊழியத்துக்குக் காட்டிலாகா தேவைப்படுகிறது.

வேலிக் கொடியின் பெரிய உறவினர் இதற்கிடையில் மரியாதையோடு ஊருக்குள் வந்துவிட்டார். ஊதாப் பழம் மலைக் குளிரில் காய்க்கும். மஞ்சள் பழம் சமவெளி வெயிலையும் பொறுக்கும், ஆனால் ஒரு கொடியின் மகரந்தம் வேறு கொடியிலிருந்து வந்தால்தான் காய் பிடிக்கும். மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கருவண்டுகள் அந்த உதவியைச் செய்யும். குடகு நாட்டுச் செட்டள்ளியில் உள்ள தோட்டக்கலை ஆய்வு நிலையத்தார் இவ்விரண்டையும் கலந்து உண்டாக்கிய இரகத்துக்கு வைத்த பெயர் காவேரி. நதி பிறக்கும் நாட்டில் பிறந்ததால் அந்தப் பெயர் போலும். நதி பிளந்து தீவாகும் இடத்தில் வாழும் நமக்கு அதில் உறவு கொண்டாட உரிமை உண்டு.

பழரசக் கடைகள் பெருகியதோடு, பிழிந்த பின் மிஞ்சும் தோல் என்னும் புதிய பிரச்சினையும் வந்திருக்கிறது. நகரத்து மாடுகள் மார்க்கெட்டின் கூடைக் கழிவைத் தின்று பழகியவை. அன்னாசித் தோலுக்கும் கரும்புச் சக்கைக்கும் காத்து நிற்பவை. நன்றாகப் பழுத்த பழத்தின் தோலைப் பொறுத்தவரை பயப்பட அதிகக் காரணம் இல்லை. உலகில் இப்பழத்தை மிகுதியாக விளைவிக்கும் பிரேஸில் தேசத்தில் ரச ஆலைகளின் தோலை உலர்த்தியோ குழியிலிட்டுப் பதப்படுத்தியோ மாட்டுக்குப் போடுகிறார்கள். நாய்க்கும் கிளிக்கும் பழுத்த சதை சிறிதளவு கேடில்லை. மாடியில் பந்தலிட்டு இக்கொடியை வளர்ப்பவர்கள் கத்தரித்துப் போடும் பச்சைத் தழையும், காற்றில் உதிரும் பிஞ்சுமே கவனிக்க வேண்டியவை. அவற்றைத் தெருவில் நிற்கும் பசுவின் முன்னால் கொட்டுவது புண்ணியமாகாது. துறையூர்ப் பக்கத்து உழவர் ஒருவரைக் கேட்டால், சோளத்தட்டையைப் போலக் காயவைத்து விடுங்கள் என்பார்.